ஆயிரத்து எண்ணூறு படங்களும் ஓர் அட்டியலும்

"கள்ளி! நீதானடி எடுத்தனி! வேறை ஆர் அந்த அறைக்குள்ளை நிண்டது?"

"வாயைப் பாத்துக் கதையுங்கோ அன்ரி! நான் பொம்பிளை வெளிக்கிடுத்த வந்தனான். களவெடுக்க வரேல்லை!"

"அப்ப ஏழு பவுண் அட்டியல் தானாய் எழும்பி வாசலாலை நடந்து போட்டுதோ?"

"எனக்கென்ன தெரியும்? பெட்டியை மூடிக் கையிலை தந்தது நீங்கள். கூறை மாத்திற நேரம் திறந்தால் உள்ளுக்கை ஒண்டும் இல்லை!"

"ஐயோ... கேட்டியளே சனங்களே! இப்ப நான் கள்ளியாம்!"

மருதனார்மடத்தில் ஒரு கலியாண மண்டபம். முற்பகல் பதினொன்றரை. தாலி ஏறிக் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை.

பந்திக்குப் போகவேண்டிய சனம் முழுவதும் மணமகள் அறை வாசலில் நின்றது. வாழையிலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் பசிக்கவில்லை. சண்டை அவ்வளவு ருசி!

நெஞ்சில் அடித்துக்கொண்டு நின்றவர் இரத்தினம்மா. மணமகள் தர்சிகாவின் பெரியம்மா. இணுவிலில் வீடு. அந்தக் குடும்பத்துப் பெண்கள் கூறைச் சேலையோடு கழுத்தில் போடும் பரம்பரை அட்டியல் எட்டு வருடங்களாக அவருடைய அலுமாரிக்குள்தான் தூங்கியது.

எதிரே நின்றவள் ஷெரோன். இருபத்தாறு வயது. அச்சுவேலியில் சின்னதாய் ஓர் அழகுநிலையம். இந்த மாதம் மட்டும் இன்னும் நான்கு பொம்பிளைகளை அலங்கரித்து வெளிக்கிடுத்த ஒப்புக்கொண்டிருந்தாள்.

அவளுடைய போன் அலறியது.

"ஹலோ... பிள்ளை ஷெரோன்? வாற புதன்கிழமை நீர் வரவேண்டாம். நாங்கள் வேறை ஆளைப் பிடிச்சிட்டம்."

"ஏன் மாமி?"

"ஒண்டுமில்லை... சும்மா..."

ஷெரோன் போனை வைக்கக்கூட இல்லை. அது மறுபடி அலறியது. சாவகச்சேரியிலிருந்து அடுத்த பொம்பிளையின் தாய்!

நான்கு, இரண்டானது. ஐந்தே நிமிடத்தில்!

"இப்பிடியே போனால் நான் பின்னேரம் கடையைப் பூட்டவேண்டியதுதான்..." ஷெரோனின் குரல் முதல்தடவையாக உடைந்தது. "ஒருக்கால் கள்ளி எண்டு பேர் வந்தால் ஆர் என்னை வீட்டுக்குள்ளை விடுவினம்?"

"அதை எடுக்க முதல் யோசிச்சிருக்க வேணும்!" என்றார் இரத்தினம்மா. "நான் பொலிசுக்குப் போன் அடிச்சிட்டன்!"

அப்போதுதான் பொம்பிளையின் தாய் சுபாஜினி திடுக்கிட்டார்.

"அக்கா! கலியாண வீட்டுக்குப் பொலிசோ? உனக்கு விசரோ?"

"நீ சும்மா இரு! அம்மாவின்ரை அட்டியலடி அது!"

வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது.

சார்ஜன்ட் நதானியேல்!

முப்பத்திரண்டு வயது. உயரம். சுத்தமாய்ச் சவரம் செய்த முகம். கலியாணம் ஆகவில்லை. (மண்டபத்திலிருந்த தாய்மார் முதலில் கண்டுபிடித்த தடயம் அதுதான்!)

"ஆர் அறிவிச்சது?"

"நான்தான் தம்பி! உவளைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ!"

"பொறுங்கோ அம்மா. பெட்டிக்குள்ளை அட்டியலைக் கடைசியாய் ஆர் கண்டது?"

"எல்லாரும் கண்டவை! ஒன்பது மணிக்கு அறைக்குள்ளை வைச்சுத் திறந்து காட்டினனான். பேந்து பத்து மணி போல உவளின்ரை கையிலை குடுத்தனான்."

நதானியேல் திரும்பினார். "நீர் வாங்கேக்கை திறந்து பாக்கேல்லையோ?"

"கூறை மாத்த முதல் திறக்கக்கூடாது, அது கூடாத சகுனம் எண்டு சொன்னவா சேர்."

"வேறை ஆராவது அறைக்குள்ளை வந்தவையோ?"

"பொம்பிளையும் நானும்தான்."

சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு. கதை முடிந்தது என்று இரண்டு பேர் பந்தியைப் பார்த்துத் திரும்பியும் விட்டார்கள்.

"சேர்... ஒரு நிமிசம்!"

கூட்டத்தை விலத்திக்கொண்டு ஒரு மடிக்கணினி வந்தது. அதற்குப் பின்னால் சிவகரன் வந்தான்.

மண்டபத்தில் மேசைக்கு மேசை ஒரு சின்ன அட்டை நின்றது. கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட கியூஆர் கோட் அட்டை. அது சிவகரனின் கைவேலை. விருந்தாளிகள் போனை அதற்கு நேரே பிடித்தால் போதும். அவர்கள் எடுக்கிற படமெல்லாம் ஒரே ஆல்பத்தில் போய்ச் சேரும். மண்டபத்தில் இருப்பவரும் பார்க்கலாம். லண்டனில் போர்வைக்குள் இருப்பவரும் பார்க்கலாம்.

"காலமை தொடக்கம் ஆயிரத்து எண்ணூற்று நாப்பத்தாறு படம் வந்திருக்கு சேர். கமராக்காரர் பொம்பிளை மாப்பிளையைத்தான் எடுப்பார். சனம் எல்லாத்தையும் எடுக்கும்! எடுத்த நேரமும் அதிலையே இருக்கும். பெரிய திரையிலை வரிசையாய்ப் போட்டுக் காட்டட்டே?"

ஷெரோன் நிமிர்ந்தாள். "போடுங்கோ அண்ணை! நான் எடுத்திருந்தால் அதிலை தெரியும்தானே!"

இரத்தினம்மா விட்டுக்கொடுப்பாரா?

"ஓம்! போடு தம்பி! உலகம் பாக்கட்டும்!"

"சரி. பத்து நிமிசத்திலை போடும்," என்றார் நதானியேல்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் வேடிக்கை.

ஒவ்வொருவராக... பூனைபோல... சிவகரனின் மேசையடிக்கு வந்தார்கள்.

முதலில் ஜெபரட்ணம் மாஸ்ரர்.

"தம்பி... என்ரை படம் ஏதும் வந்திருந்தால் அழிச்சுவிடுமன்."

"ஏன் மாஸ்ரர்? நீங்களோ எடுத்தனியள்?"

"சீ! இண்டைக்கு வட்டுக்கோட்டையிலையும் ஒரு கலியாணம். எனக்குக் கடும் காய்ச்சல், எழும்ப ஏலாது எண்டு அவைக்குச் சொல்லிப்போட்டு இஞ்சை வந்தனான். சாப்பாடு இஞ்சைதான் நல்லாயிருக்குமெண்டு..."

அடுத்தவர் குகதாசன். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். கனடாவிலிருந்து வந்தவர். செவ்வாய்க்கிழமை திரும்பிப் பறக்கிறவர்.

"மருமோன், ஜெனரேற்றருக்குப் பின்னாலை ஆரும் படம் எடுத்தவையோ?"

"பதினொரு படம் இருக்கு மாமா. எல்லாத்திலையும் உங்கடை கையிலை போத்தல்."

"அது சோடா!"

"சோடா குடிச்சிட்டு ஏன் மாமா மதிலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?"

குகதாசன் மெல்ல நழுவினார். அவருக்குப் பின்னால் இன்னும் பதினாறு பேர்! பச்சைச் சேலை மச்சாளுக்கு ஒரு பிரச்சினை. நீரிழிவுக்கார அண்ணைக்குப் பாயாசத்தால் ஒரு பிரச்சினை. அட்டியல் ஒன்றுதான் காணாமல் போனது. கள்ள முழி மட்டும் மண்டபம் நிறைய!

வராத ஆள் ஒரேயொருவர்.

இரத்தினம்மா.

முன்வரிசை நடுக்கதிரையில், சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ம்... தொடங்கு தம்பி!"

விளக்குகள் அணைந்தன. திரை ஒளிர்ந்தது.

ஒன்பது ஐந்து. மணமகள் அறை. இரத்தினம்மாவின் உள்ளங்கையில் அட்டியல் பளபளக்கிறது.

"பாத்தியளே! இருந்தது!"

ஒன்பது பதினெட்டு. வாசலில் இரண்டு பெட்டைகளின் செல்பி. அவர்களுடைய தோளுக்குப் பின்னால் ஓர் ஓட்டோ. அதில் ஏறுகிற கால்... இரத்தினம்மாவினது!

"எங்கை போனனீங்கள் அம்மா?" நதானியேல் கேட்டார்.

"பிறசர் குளிசை போட வீட்டை போனனான். அதுவும் குற்றமோ?"

"இல்லை. அடுத்ததைப் போடும்."

ஒன்பது முப்பத்துநான்கு.

திரை முழுக்கச் சிவப்பு!

கடும் சிவப்பு!

"ஐயோ... ரத்தம்!" யாரோ ஒரு பெண் வீரிட்டாள். ஒரு குழந்தை அழத் தொடங்கியது. பச்சைச் சேலை மச்சாள் பக்கத்துக் கதிரைக்காரரின் கையை இறுகப் பிடித்தாள். (அழிக்கச் சொன்ன படத்திலும் அதே கைதான்!)

சிவகரன் படத்தைச் சின்னதாக்கினான்.

ரத்தம் இல்லை.

மிளகாய்த்தூள்!

வறுத்து, இடித்து, அரித்து, கனடாவுக்குக் கட்டி அனுப்புகிற அதே தூள். ஒரு பொலித்தீன் பக்கெற். அந்தச் சிவப்புக்குள் பாதி புதைந்து...

மஞ்சளாய்...

பளபளவென்று...

அட்டியல்!

நதானியேல் திரையைக் காட்டினார்.

"இது ஆர் போட்ட படம்?"

"கீழை பேர் இருக்கு சேர்," என்றான் சிவகரன். "இரத்தினம்மா... இணுவில்."

"அது மட்டுமில்லை," என்றாள் ஷெரோன். திரையைப் பார்த்த அவள் கண்கள் விரிந்தன. "படத்துக்குக் கீழை என்னவோ எழுதியிருக்கு."

நதானியேல் கிட்டப் போனார். உரத்து வாசித்தார்.

'லவீனா, ரொறன்ரோ: அம்மா, எட்டுப் பக்கெற்றிலை இது எது?'

'இரத்தினம்மா, இணுவில்: மூலை வெட்டினது. குகதாசன் கொண்டு வருவார். அவருக்குத் தெரியாது. வடிவாய் அரிச்சு எடு. ஒருத்தருக்கும் சொல்லாதை.'

ஒருத்தருக்கும் சொல்லாதே! அதை ஆல்பத்துக்குள் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் வாசிக்கலாம்! ஆனால் வாசிக்கவில்லை. தன் முகம் இல்லாத படத்தில் எவர் மினக்கெடுகிறார்?

இரத்தினம்மா துள்ளி எழுந்தார்.

"எடு! நிப்பாட்டு! நான் என்ரை பிள்ளையோடை தனியக் கதைச்சதை ஆரடா இஞ்சை கொண்டுவந்து போட்டது?"

"அப்ப... நீங்கள்தான் கதைச்சனீங்கள்?" நதானியேல் அமைதியாகக் கேட்டார்.

இரத்தினம்மா ஷெரோனின் பக்கம் பாய்ந்தார்.

"உவள்! உவள் ஷெரோன்தான் என்ரை போனைக் கெடுத்தவள்!"

"நான் கெடுக்கேல்லை அன்ரி. என்ரை பிள்ளை வரேல்லை, நான் எடுக்கிற படமெல்லாம் அவள் உடனுக்குடன் பாக்கவேணும் எண்டு நீங்கள்தானே காலமை போனை நீட்டினனீங்கள்? அந்தக் கட்டத்தைப் பிடிச்சு, 'எல்லாப் படமும்' எண்டதை அமத்தித் தந்தனான். அவ்வளவுதான். படம் தானாய்ப் போகும். பதிலும் அதுக்குள்ளைதான் விழும்."

"எனக்கு அது தனியக் கதைக்கிற வைபர் எண்டெல்லோ நினைப்பு!"

பின்வரிசையிலிருந்து ஓர் அலறல்.

"என்ரை பெட்டிக்கையோ!" குகதாசனுக்குக் குடிவெறி இறங்கிவிட்டது. "எயாப்போட்டிலை பிடிபட்டால் நானெல்லோ உள்ளுக்கை! பரதேசி... சம்பந்தி எண்டு நம்பி எட்டுப் பக்கெற் தூளுக்கு ஓமெண்டனே!"

"ஏன் அக்கா?" சுபாஜினி அழவில்லை. குரல் மட்டும் காய்ந்திருந்தது. "ஏன்?"

"ஏன் எண்டோ? கூறையோடை ஆர் போடுறாளோ, அட்டியல் அவள் வீட்டுக்கு. அதுதானே எங்கடை முறை? இண்டைக்குத் தர்சிகா போட்டிருந்தால் பின்னேரமே உன்ரை அலுமாரிக்குப் போயிருக்கும். என்ரை பிள்ளைக்கும் ஒரு பெட்டை இருக்கடி!"

"அதுக்கு வயசு ரெண்டு, அக்கா!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

நதானியேல் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "அம்மா, பொய் முறைப்பாடு குடுத்திருக்கிறீங்கள்..."

"சேர்!" ஷெரோன் குறுக்கே வந்தாள். "அவவைக் கொண்டுபோய் எனக்கென்ன பிரயோசனம்? ரெண்டு பொம்பிளை கைவிட்டுப் போச்சினம். எனக்கு என்ரை பேர் வேணும்." மேடையைக் காட்டினாள். "அன்ரி, அந்த மைக்கை எடுங்கோ. என்னைக் கள்ளி எண்டு கத்தின அதே சத்தத்திலை, நான் எடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. சனம் எல்லாம் படம் பிடிக்கட்டும்."

இரத்தினம்மா தங்கையைப் பார்த்தார். சுபாஜினி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேடைக்குப் பன்னிரண்டு அடிதான். இரத்தினம்மாவுக்கு அது கீரிமலைக்கு நடந்த தூரமாய் இருந்திருக்கவேண்டும்.

"ஷெரோன்... எடுக்கேல்லை."

"கேக்கேல்லை!" என்றார் ஜெபரட்ணம் மாஸ்ரர். வகுப்பறைப் பழக்கம்.

"ஷெரோன் எடுக்கேல்லை! அட்டியலை எடுத்தது நான்தான்! பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள்!"

இருநூறு போன்கள் உயர்ந்து நின்றன. பத்து நிமிடத்தில் ஷெரோனின் போன் அலறியது. சாவகச்சேரி!

"பிள்ளை, நான் அப்பவே நம்பேல்லை. நீர் கட்டாயம் வாரும்!"

புதன்கிழமைக்காரியும் போன் எடுத்தாள். இன்னும் மூன்று புதுப் பொம்பிளைகளும்!

பின்னேர வரவேற்பில் தர்சிகா, பக்கெற்றுக்குள்ளிருந்து மீட்ட அட்டியலோடு நின்றாள். எவ்வளவு கழுவியும் தூள் முழுதாகப் போகவில்லை. எல்லாப் படத்திலும் மாப்பிள்ளை தும்முகிறார்.

பிறகு என்ன நடந்ததென்று கேட்கிறீர்களா?

குகதாசன் வெறும் பெட்டியோடு கனடா போனார். இரத்தினம்மா மூன்று மாதத்தில் இணுவில் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு ரொறன்ரோவுக்கு, மகளிடம் போய்விட்டார். குளிர் நாட்டில் ஊர்ச்சனத்தின் முழி இல்லையாம். (ரொறன்ரோவில் எத்தனை இணுவில்காரர் இருக்கிறார்கள் என்பது போன பிறகுதான் தெரிந்தது!)

சிவகரன் வாரத்துக்கு மூன்று தடவை அச்சுவேலிக்குப் போனான். தலைமயிர் வெட்டத்தான். வெட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாத நிலையில், ஷெரோன் தன் கலியாண அட்டையை நீட்டினாள். மாப்பிள்ளையின் பெயர்... நதானியேல்!

சிவகரன் கொழும்புக்கு மாறிப் போனான். தலைமயிர் அங்கே வளர்ந்ததாகக் கேள்வி.

கலியாணம் வட்டுக்கோட்டைத் தேவாலயத்தில். வாசலில் ஒரு பெரிய பெட்டி. 'போன்களை இதற்குள் போட்டுவிட்டு வரவும்' என்று சார்ஜன்டின் கையெழுத்து. ஒரு படம்கூட வெளியே போகவில்லை.

ஆனாலும் மாப்பிள்ளையின் மாமி ஏழு ரோல்ஸ் சாப்பிட்டார் என்பது, கேக் வெட்டி முடிய முதலே இணுவில் முழுக்கத் தெரிந்துவிட்டது!