ஒப்பிட ஒரு தலை

படியேறி வந்த வேகத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் அவளுடைய ரத்தமோ ஆற அமர நடந்துகொண்டிருந்தது.

நெற்றிப்பொட்டில் ஜெல் தடவி, தடித்த பேனா போன்ற அந்தக் கருவியை வைத்து அழுத்தினால், மூளைக்குப் போகும் ரத்தத்தின் ஓசை உஷ்... உஷ்... என்று கேட்கும். கருவி சரியாக இருக்கிறதா என்று காலையில் தன் தலையிலேயே வைத்துப் பார்ப்பது அவளுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. இன்று இடது பக்கத்து ஓசை எங்கோ தூரத்து அறையிலிருந்து வருவதுபோல இழுத்து இழுத்து வந்தது. வலது பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கருவியில்தான் ஏதோ கோளாறு என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். கோளாறென்றால் இரண்டு பக்கமும்தானே இருக்கணும் என்று கேட்ட மனத்தை, சும்மா கிட என்று அதட்டினாள்.

மூளையின் ரத்த ஓட்டத்தை ஆராயும் அந்தக் கூடத்தில் அவள் தலைதான் எல்லோருக்கும் அளவுகோல். நோயாளியின் ஓட்டத்தைப் பதிவு செய்ததும், ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நிலையில் இருக்கும் ஒருவரின் தலையிலும் கருவியை வைக்க வேண்டும். அதற்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. டாக்டர் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஓசையை மட்டும் கேட்பார். முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும், காது மட்டும் முடிவு சொல்லட்டும் என்பது அவர் போட்ட விதி. அந்த விதியில்தான் நேற்று அவள் புகுந்து விளையாடினாள்.

பைக்கிலிருந்து விழுந்த நாள் முதல் தம்பி வென்டிலேட்டரில் கிடக்கிறான். அவள் வேலையைச் சொல்லி ரத்தக்காட்டேரி என்று கூப்பிட்டுக் கேலி செய்தவன். அடுத்தடுத்து இரண்டு நாள் ஓட்டம் இல்லையென்றால் வென்டிலேட்டரை நிறுத்திவிடுவார்கள். வேறு ஆளைப் போடுகிறேன் என்று டாக்டர் சொன்னபோது, என் கையாலேயே பார்க்கிறேன் என்று அழுது அடம்பிடித்து வந்தவள் அவள். வாசல் நாற்காலியில் சுருண்டிருந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனை விட்டுடாதடி" என்றாள்.

நேற்று, ஒலியைச் சுவருக்கு அந்தப் பக்கம் திறந்துவிடும் முன் தம்பியின் பொட்டில் வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. கருவியைத் தன் இடது பொட்டில் வைத்துக்கொண்டு, தம்பியின் ஓட்டம் என்று சொல்லி ஒலியைத் திறந்தாள். வலது பொட்டைத் தன்னுடையதாகக் காட்டினாள். ஓட்டம் இருக்கும்மா என்று டாக்டர் சொன்னதும் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா நேற்றுத்தான் கண்ணை மூடித் தூங்கினாள்.

இன்று மறுபடியும் அதையேதான் செய்வதாக இருந்தாள். தம்பியின் அறையில் ஜன்னல் இல்லை. பகலா இரவா என்று தெரியாத வெளிச்சம், ஸ்பிரிட் வாடை, ரப்பர் வாடை, அவற்றுக்கு அடியில் பழந்தண்ணீர் போல ஒரு வாடை, வென்டிலேட்டர் மூச்சை உள்ளே தள்ளும்போதெல்லாம் போர்வைக்குள் சொன்னபடி எழுந்து சொன்னபடி தாழும் மார்பு. எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் அவன் இடது பொட்டில் வைத்தாள்.

உஷ். உஷ். உஷ்.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "டேய்" என்றாள். பொய் பலித்துவிட்டது, யாருக்கும் தெரியாமல் பலித்துவிட்டது. ஒலியைத் திறந்துவிட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. அசையாமல் படுத்திருப்பவனுடைய ரத்தம், படியேறி ஓடி வந்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டால் தலைக்குள் ஓட்டம் கூடும். வருபவர்களிடமெல்லாம் அவள் அப்படித்தான் செய்யச் சொல்வாள். இப்போது தானே மூச்சைப் பிடித்தாள். வென்டிலேட்டர் அவனுக்கு அதே மூச்சைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் அவன் தலைக்குள் ஓசை ஏறியது. ஏறிக்கொண்டே போனது. அவள் மூச்சை விட்டாள்.

இறங்கியது.

கருவியை அவன் பொட்டிலிருந்து வெடுக்கென்று எடுத்தாள். தன் இடது பொட்டில் வைத்தாள். காலையில் இருந்த அந்த இழுவைகூட இல்லை. சுத்தமாக ஒன்றுமில்லை.

"ஜெல் பத்தலையாம்மா?" என்றது சுவரில் இருந்த ஸ்பீக்கர்.

உண்மையைச் சொல்லிவிடலாம். நேற்று நான் ஏமாற்றினேன் டாக்டர், அது என் தலை, என்னுடையதைத் திருப்பிக் கொடுங்கள். வாயைத் திறந்தாள். நாக்கு புரண்டது. ஒரு வார்த்தைகூட வரவில்லை. வலது கை தொங்கிப் போயிருந்தது. கருவி மெத்தையில் விழுந்து உருண்டது.

இடது மூளை. பேச்சும் வலது கையும் அங்கேதான். அவளுக்குத் தெரியாததா.

"சரி, நேத்து பாக்காம விட்ட தம்பியோட வலது பக்கத்தையும் பாத்துடுவோம்" என்றார் டாக்டர். குரலில் சந்தோஷம். "அப்புறம் உன் தலை."

வலது பக்கம்.

அவளிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா கும்பிட்ட கையோடு நின்றிருந்தாள். அவள் அம்மாவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். முடியாதுடா என்று நினைத்தாள். நானும் வாழணும்டா. வெட்கமே இல்லாமல் அப்படித்தான் நினைத்தாள். இடது கையால் கருவியை எடுத்தாள். ஒலியை மூட வேண்டும். கதவு வரைக்கும் போக வேண்டும். அவ்வளவுதான்.

மணிக்கட்டில் ஏதோ பட்டது.

சில்லென்று. விரல்கள்.

தம்பியின் கை. மூடிய கண் மூடியபடி. ஊசி குத்திய அந்தக் கை அவள் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக, அவசரமே இல்லாமல், கருவியோடு சேர்த்துத் தன் வலது பொட்டுக்கு இழுத்துக்கொண்டது.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று.

பிறகு அறை முழுக்க அந்த ஓசை. தறிகெட்டு. பயந்து. அவள் பயம், அவன் தலைக்குள். அவன் முகத்தில் மட்டும் அசந்து தூங்குகிறவனின் அமைதி.

கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அம்மாவின் முகம் கண்ணாடியில் மங்கிக்கொண்டு போனது.

"பிரமாதமா ஓடுதும்மா" என்றார் டாக்டர். "இப்ப உன் தலையில வை, ஒப்பிட்டுப் பாத்துடலாம்."

தம்பியின் விரல்கள் இறுகின.