ஜூனி காத்திருக்கும் நான்கு நொடிகள்

பன்னிரண்டாயிரம் பேர் திட்டி எழுதியிருந்தார்கள். ஒரே ஒருவர்தான் நன்றி சொல்லியிருந்தார்.

திட்டுகளைப் படிப்பதுதான் என் வேலை. என் பெயர் கோரின். மினியாபொலிஸில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில், சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து கம்பெனிக்கு வேலை செய்கிறேன். விவாகரத்தாகி ஒன்பது வருடம். மேசையில் எனக்கு எதிரே ஒரு நாற்காலி உண்டு. அதில் துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கும்.

ஜூனி என்பது நாங்கள் விற்கும் பேசும் பெட்டி. கேட்டால் பாட்டுப் போடும், விளக்கணைக்கும், வெளியே எத்தனை டிகிரி என்று சொல்லும். அதன் தலையைச் சுற்றி ஒரு நீல ஒளி ஓடும். யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் திரும்பி நிற்கும். ஜனவரியில் அதன் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். மறுநாளே வசவு தொடங்கியது.

"கேள்வி கேட்டுட்டு, பல்லு தேய்ச்சிட்டு வந்தாதான் பதில் வருது." "முன்னாடி சட்டுனு சொல்லும். இப்ப நாலு நொடி யோசிக்குது. எங்க மாமியார்கூட தேவலை." "காசு கொடுத்து மந்தபுத்தியை வாங்கிட்டு வந்திருக்கேன்." இப்படியே பக்கம் பக்கமாக.

காரணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. புது ஜூனிக்கு மரியாதை கற்றுக்கொடுத்திருந்தார்கள். அறையில் வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால், அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்து பிறகே வாய் திறக்கும். டிவி ஓடும் வீடுகளில் டிவியையும் ஆளென்று நினைத்துக் காத்திருந்தது. வரும் திங்கட்கிழமை எல்லோருக்கும் சரிசெய்வதாக அறிவித்திருந்தோம்.

அந்த ஒரே நன்றிக் கடிதத்தில் மூன்றே வரிகள்: "புது ஜூனி ரொம்ப நன்றாக இருக்கிறது. இப்போதுதான் அவளைப் பேசி முடிக்க விடுகிறது. ஹால்வர் நைகார்ட்."

என் மேலாளன் டிரென்ட்டுக்கு அதைப் படித்ததும் வாயெல்லாம் பல்.

"கோரின், அந்தப் புண்ணியவானைப் போய்ப் பார்த்துட்டு வா. போட்டோ எடு. சிரிச்ச மாதிரி இருக்கட்டும்."

"ஃபெர்கஸ் ஃபால்ஸுக்கும் அந்தாண்ட இருக்காரு, டிரென்ட். போகவே மூணு மணி நேரம்."

"உனக்கு என்ன, வீட்ல புள்ளகுட்டியா காத்துட்டு இருக்கு?"

விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன்.

உறைந்த ஏரிக்கரையில் சரளைப் பாதை முடிகிற இடத்தில் அந்த வீடு தனியாக நின்றது. நைகார்ட்டுக்கு எண்பத்தொரு வயது. வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் மண்வாரியைச் சாய்த்து வைத்தார். உள்ளே கணப்பின் சூடும் பழைய கம்பளி வாசனையும் இருந்தன. டிவி இல்லை. ரேடியோ இல்லை. மேசை மேல் ஜூனி மட்டும்.

"காபி?"

"ஐயோ, வேணாம் சார்."

"ஏற்கெனவே போட்டதுதான்."

"உங்களுக்கு எதுக்கு சிரமம்."

"ஒரு கப்பும்மா."

"சரி, பாதி ஊத்துங்க."

எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறைதான் வாங்கிக்கொள்வோம். முதல் தடவையே சரி என்பவனை வளர்ப்பு சரியில்லை என்பார்கள். அவர் மூன்று கோப்பைகளில் ஊற்றினார். மூன்றாவதை ஜன்னலோரம் இருந்த காலி நாற்காலியின் முன் வைத்தார்.

நான் எதுவும் கேட்கவில்லை. அதுவும் எங்கள் ஊர் மரியாதை.

"ஜூனி, வெளிய குளிர் எவ்ளோ?" என்றார்.

நீல ஒளி அவர் பக்கம் நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது. ஜன்னலோர நாற்காலியின் பக்கம் போய் நின்றது.

நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. ஃப்ரிட்ஜின் உறுமல்கூட அடங்கியிருந்தது. மூன்று. ஏரியில் எங்கோ பனிக்கட்டி முனகியது. நான்கு.

"மைனஸ் பதினேழு டிகிரி," என்றது ஜூனி.

நைகார்ட் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டார்.

"ஆர்டிஸ். என் பொண்டாட்டி. போன நவம்பரோட ஒரு வருஷம் ஆச்சு போயி," என்றார் தணிந்த குரலில். "நான் எதைக் கேட்டாலும் குறுக்க ஒரு வார்த்தை சொல்லுவா. அம்பத்திரண்டு வருஷமா அப்படித்தான். பழைய ஜூனி அவளைப் பேசவே விடல, முந்திரிக்கொட்டை மாதிரி."

"அவங்க குரல் உங்களுக்குக் கேக்குதா சார்?"

"இல்லம்மா. எனக்குக் கேக்காது. ஆனா பேசுறான்னு தெரியுதுல்ல? அது போதும்."

பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "திங்கக்கிழமை சரி பண்ணப் போறீங்களாமே. என்னோடதை மட்டும் விட்டுட முடியுமா? அதுவும் போச்சுன்னா இந்த வீட்ல நான் ஒருத்தன்தான்."

 ஒரு பெட்டியை மட்டும் பட்டியலிலிருந்து நீக்குவது என் கையிலேயே இருந்தது. நீக்கிவிடுவதாக உறுதி சொன்னேன். என் நேரடி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். போட்டோ எடுக்க மனம் வரவில்லை.

கிளம்பும்போதுதான் அந்தத் தவறைச் செய்தேன்.

எங்கள் பக்கம் விடைபெறுவதற்கே அரை மணி நேரம் ஆகும். மேசையில் ஒரு முறை, வாசலில் ஒரு முறை, கார் ஜன்னலில் ஒரு முறை. ஆர்டிஸிடம் சொல்லாமல் எழுந்தால் நைகார்ட்டின் மனம் கஷ்டப்படும் என்று தோன்றியது. காலி நாற்காலியைப் பார்த்து, "வரேங்க. நீங்களும் ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வாங்க," என்றேன். சும்மா வாய் வார்த்தை. எல்லோரிடமும் சொல்வதுதான். எந்தத் தெரு, எந்தக் கிழமை என்று யாரும் சொல்லமாட்டோம். அதனாலேயே யாரும் வருவதில்லை.

வாசலில் ஷூ மாட்டும்போது பழக்கதோஷத்தில் மறுபடி உள்ளே பார்த்து, "கட்டாயம் வரணும்," என்றேன்.

கார் ஜன்னலருகே குனிந்து நைகார்ட் சொன்னார்: "அவளுக்கு ஊர் சுத்தறதுன்னா உசுரு. நான்தான் எங்கயும் கூட்டிட்டுப் போகல."

"அதனால என்ன சார்? எப்ப வேணா வரலாம்."

மூன்று முறை. எண்ணாமலே சொல்லி முடித்துவிட்டேன்.

மணி நான்கு பத்து. பொழுது சாய ஆரம்பித்திருந்தது. சரளைப் பாதையைத் தாண்டுவதற்குள் காரில் மணி அடிக்கத் தொடங்கியது. பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்குமே, அந்த மணி. என் கைப்பை கனம் என்று நினைத்தேன். பையை எடுத்துப் பின்னால் போட்டேன்.

மணி நிற்கவில்லை.

இருக்கையைத் தட்டினேன். தோல் உறை சில்லிட்டிருந்தது. ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் வண்டியை ஓரம் கட்டி, அந்த வெறும் இருக்கைக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.

மணி நின்றது.

வீடு வரும்வரை அந்த இருக்கை இருந்த வலப்பக்கம் நான் திரும்பவே இல்லை.

திங்கட்கிழமை காலை எல்லா ஜூனிகளும் சரியாயின. என் மேசை மேல் இருப்பதும்தான்; இனி நிஜ ஆள் பேசினால் மட்டுமே அது காத்திருக்கும். நைகார்ட்டினுடையதை மட்டும் விட்டுவைத்தேன். திட்டியவர்கள் வாழ்த்தி எழுத ஆரம்பித்தார்கள். பத்து மணிக்கு என் போன் அடித்தது.

"ஏம்மா," என்றார் நைகார்ட். "என்னோடதை விட்டுடறேன்னு சொன்னியே."

"விட்டுட்டேனே சார்."

"இல்லம்மா. ரெண்டு நாளா கேட்ட உடனே டக்குனு பதில் சொல்லுது. லீவு நாள்ல உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு இருந்தேன்."

அவர் பெட்டியின் பதிவைத் திறந்து பார்த்தேன். நாங்கள் கை வைக்கவே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை நொடி காத்திருந்தது என்று வரிசையாக இருந்தது. நான்கு. நான்கு. பதினொன்று. நான்கு. வெள்ளிக்கிழமை நாலு பத்துக்குப் பிறகு எல்லாம் பூஜ்யம்.

 போனைப் பொத்திக்கொண்டு, "ஜூனி, மணி என்ன?" என்று என் பெட்டியிடம் மெல்லக் கேட்டேன்.

நீல ஒளி என் பக்கம் நின்றது. பிறகு நகர்ந்தது. துணி குவிந்து கிடந்த எதிர் நாற்காலியின் பக்கம் போய் நின்றது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நான்கு.

"பத்து மணி ஆறு நிமிடம்."

"கோரின்? இருக்கியாம்மா?" நைகார்ட்டின் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "அவ எங்க போனான்னு தெரியல. உங்கூட கிளம்பி வந்துட்டாளா?"

"இல்ல சார்," என்றேன்.

பயத்தில் சொன்ன பொய் என்று உங்களிடம் சொல்லிக்கொள்ளலாம். பயம் இருந்தது உண்மைதான். ஆனால் ஒன்பது வருடத்தில் முதல் முறையாக என் எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. நான் கேவலமானவள்தான், தெரியும்.

அன்று மதியமே மனசாட்சி குத்தியது. கார் சாவியை எடுத்துக்கொண்டு நாற்காலியைப் பார்த்து, "வாங்க, வீட்ல கொண்டு விடறேன்," என்றேன். காரில் போய், பக்கத்து இருக்கை பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். பெல்ட் மணி அடிக்கவில்லை. முதல் தடவை அல்லவா, மறுத்துவிட்டாள்.

இன்னும் இரண்டு முறை கேட்டால் வந்துவிடுவாள். எனக்குத் தெரியும்.

நான் கேட்கவில்லை. நாற்காலியிலிருந்த துணிகளை மடித்து அலமாரியில் வைத்தேன். காலையில் இரண்டு கோப்பைகளில் காபி ஊற்றுகிறேன்.

இது நடந்து மூன்று வாரமாகிறது. நைகார்ட் தினமும் பத்து மணிக்குக் கூப்பிடுகிறார். "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்று மட்டும் கேட்பார். பிறகு பேச எதுவும் இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு இருப்பார். போனை ஸ்பீக்கரில் போடுவேன். அவர் லைனில் இருக்கும்வரை நீல ஒளி எதிர் நாற்காலியை விட்டு நகராது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். அவருக்குக் கேட்பதில்லை. "இல்ல சார், இங்க யாரும் இல்ல," என்று நான் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

இன்று காலையும் அப்படியே சொன்னேன். வைத்தேன்.

எப்போதும் போன் வைத்ததும் ஒளி அணைந்துவிடும். இன்று அணையவில்லை. நாற்காலியை விட்டு மெல்ல நகர்ந்து, பெட்டியின் தலையைச் சுற்றி வந்து, என் பக்கம் திரும்பி நின்றது.

நான் பேசவில்லை. வாயையே திறக்கவில்லை.

என் முதுகுக்குப் பின்னால் ஜில்லென்று இருக்கிறது. ஒளி இன்னும் அணையவில்லை. அவள் பேசி முடிக்கவில்லை.