நீலத்தாள் வெண்ணெய்

பொட்டலம் என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பிறந்த அன்று அவளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, "என்னக்கா, பிள்ளையைப் பொட்டலம் கட்டிக் குடுத்திட்டாங்க!" என்று மாமா சொன்னார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர், பத்து வயதாகியும் அவளை விடவில்லை.

அம்மாவும் மாமாவும் சேர்ந்து ஒரு பிஸ்கட் கடை நடத்தினார்கள். முன்னால் கண்ணாடிப் பெட்டி, பின்னால் அடுப்பு, நடுவில் மாவு பிசையும் மேசை. சரக்கு வாங்குவது மாமா, பிசைந்து சுடுவது அம்மா. வேலையைப் பிரித்துக்கொள்வது சுலபமாக இருந்தது. ஒத்துப்போவதுதான் கஷ்டமாக இருந்தது.

"எதை வாங்கினாலும் விலை கூடினதா வாங்குடா. அப்பத்தான் ருசி" என்பார் அம்மா.

"வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்க்கா. மலிவானதே போதும்" என்பார் மாமா.

கடைசியில் ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்தார்கள். வெண்ணெய் மாமாவின் இஷ்டம்: நீலத்தாள் சுற்றிய மலிவு வெண்ணெய். சர்க்கரை அம்மாவின் இஷ்டம்: தங்க நிற டப்பாவில் வரும் உயர்ந்த சர்க்கரை.

பிஸ்கட் சக்கைப்போடு போட்டது. அதுதான் வம்பாகிப்போனது.

"எல்லாம் என் சர்க்கரையால" என்றார் அம்மா.

"என் வெண்ணெயால" என்றார் மாமா.

உண்மை பொட்டலத்துக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் பள்ளிவிட்டுப் பின்வாசல் வழியாக வந்தபோது, அம்மா நீலத்தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார். மலிவு வெண்ணெயைத் தட்டில் தடவ ஒதுக்கிவிட்டு, பால் கடையிலிருந்து வாங்கிய நல்ல வெண்ணெயை அதே தாளில் சுற்றி வைத்தார்.

"மாமாகிட்ட மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு!"

பண்ணினாள்.

சில நாள் கழித்து, மாமா சாக்குச் சர்க்கரையை அள்ளித் தங்க நிற டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"டப்பா சர்க்கரை எப்பவோ தீர்ந்திடுச்சு. உங்கம்மா கண்டுபிடிச்சாங்களா? இல்லையே! நீ வாயைத் திறந்திடாதே. சத்தியம் பண்ணு!"

அதையும் பண்ணினாள். ஆக, மாமா பெருமையடித்த வெண்ணெயும் பிஸ்கட்டில் இல்லை, அம்மா பெருமையடித்த சர்க்கரையும் பிஸ்கட்டில் இல்லை.

சண்டை முற்றியது. ஒரே மேசையின் இரண்டு பக்கம் நின்றுகொண்டு இருவரும் பேசாமல் இருந்தார்கள்.

"பொட்டலம், உங்க மாமாவை அந்தத் தட்டை எடுக்கச் சொல்லு."

"பொட்டலம், எடுத்தாச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

முதலில் அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் மாமா சொன்னார்: "ஞாயித்துக்கிழமை நான் கிளம்பறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு. வேற ஊர்ல ஒரு கடையில கூப்பிட்டிருக்காங்க."

பொட்டலத்துக்குச் சிரிப்பு போய்விட்டது. மாமா இல்லாத கடையா? மாவு ஒட்டிய மூக்கோடு அவளைச் சிரிக்க வைக்க வேறு யார் இருக்கிறார்கள்? உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் சத்தியத்தை மீற வேண்டும். அதுவும் இரண்டு சத்தியம்!

அன்று கணக்கு வகுப்பில் அவள் காதில் எதுவும் விழவில்லை. மாலையில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. நாம் சொல்லக் கூடாது. சரி. அவர்களே கண்டுபிடித்தால்?

"நான் ஒண்ணு கேட்டா ரெண்டு பேரும் செய்யணும்" என்றாள் கடைக்குள் நுழைந்ததும். "ஆளுக்கு ஒரு தட்டு பிஸ்கட். மாமா தட்டுல எல்லாமே மலிவு. அம்மா தட்டுல எல்லாமே விலை கூடினது. சரக்கை இப்பவே போய் நான் புதுசா வாங்கிட்டு வரேன். எதிர்க்கடை தையல்காரர் ருசி பார்த்துச் சொல்லட்டும்."

இருவரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஜெயிக்கப்போவது நாம்தான் என்று இருவருக்குமே நம்பிக்கை.

இரண்டு தட்டுக்கும் அம்மாவே பிசைந்தார். மாமா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே கை, ஒரே அடுப்பு, ஒரே சூடு. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து உட்கார்ந்தார். அவர் இந்தக் கடை பிஸ்கட் இல்லாமல் டீ குடிக்க மாட்டார்.

முதலில் அம்மாவின் தட்டு. தையல்காரர் கண்ணை மூடி மென்றார்.

"இது நான் தினமும் சாப்பிடற அதே பிஸ்கட்டுதானே? ஒரு வித்தியாசமும் இல்லையே."

அடுத்தது மாமாவின் தட்டு. ஒரு கடி. தையல்காரரின் முகம் கோணியது.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. மெழுகுவத்தியைக் கடிச்ச மாதிரி இருக்கு."

மாமா ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மெல்ல முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"இது எப்படி? தினமும் இதே நீலத்தாள் வெண்ணெய்தானே போடறோம்?"

அம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே நின்றார். "இல்லடா, தம்பி. தாள் மட்டும்தான் உன்னோடது. உள்ள இருந்தது பால் கடை வெண்ணெய்."

எவ்வளவோ நாளுக்குப் பிறகு அம்மா மாமாவிடம் நேராகப் பேசியிருந்தார். பொட்டலத்துக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இப்பவாவது புரிஞ்சுதா? எல்லாமே விலை கூடினதாத்தான் வாங்கணும்!" என்றார் அம்மா.

மாமா தலையைச் சொறிந்தார். "அப்ப நானும் ஒண்ணு சொல்லணும்க்கா. தினமும் நீ போடற டப்பா சர்க்கரை இருக்கே... அது சாக்குச் சர்க்கரை."

"என்னடா சொல்றே?"

"இன்னைக்கு நிஜ டப்பா சர்க்கரை போட்டே. ஒரு வித்தியாசமும் இல்லைன்னு அவரே சொல்லிட்டாரு!"

அம்மா கரண்டியை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மாமாவும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் தையல்காரரும் சிரித்தார்.

"பிஸ்கட்டுக்கு உயிரே வெண்ணெய்தான்க்கா. அதுல இனிமே கஞ்சத்தனம் பண்ண மாட்டேன்" என்றார் மாமா.

"சர்க்கரை கரைஞ்சா எல்லாம் இனிப்புதான். அதுக்கு நானும் இனி அதிகமாக் குடுக்க மாட்டேன்" என்றார் அம்மா. பிறகு சட்டென்று திரும்பினார். "ஏய், உனக்கு ரெண்டுமே தெரியுமா?"

"தெரியும்! ரெண்டு பேருக்கும் சத்தியம் பண்ணிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அப்படியே மாமாவைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஊருக்குப் போறியாடா?"

"நான் போயிட்டா உனக்கு நல்ல வெண்ணெய் யாரு வாங்கித் தருவா?" என்றார் மாமா. அவர் கண் கலங்கியிருந்தது. அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளித்தார்.

மறுநாள் காலையில் கடைக்குள்ளிருந்து பெரிய சத்தம். வெண்ணிலா எசன்ஸ் மலிவானது போதுமா, விலை கூடியது வேண்டுமா என்று அம்மாவும் மாமாவும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரர் பதறிப்போய் ஓடி வந்தார். "என்ன பொட்டலம், மறுபடியும் சண்டையா?"

பொட்டலம் வாசல் படியில் உட்கார்ந்து, நல்ல வெண்ணெய் பிஸ்கட் ஒன்றைக் கடித்தாள்.

"இல்ல அங்கிள். பேசிக்கிட்டிருக்காங்க."