மூன்றாம் கோட்டில் நிற்பவள்

பேருந்து பள்ளி வாசலில் நின்றது. மூசா பாய் விளக்குகளை அணைக்கவில்லை. அணைத்தால் வாசல் தெரியாது.

“பாத்து எறங்குங்க புள்ளைகளா,” என்றார். “கடலு மேல ஏறி வந்து நிக்கிது.”

2007 ஜனவரி. வளைகுடாவில், ஈசா டவுனில் அந்த மாதத்தில் சில காலைகள் அப்படித்தான் விடியும். மூடுபனியில் உப்பு வாசனை இருந்தது. சுவர் இல்லை. கொடிக்கம்பம் இல்லை. மைதானம் எங்கே தொடங்குகிறது என்பது காலடியில் மணல் நொறுங்கியபோதுதான் தெரிந்தது.

ரிலே அணியின் நான்கு பெண்களும் வகுப்புக்கு முன்னால் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். எல்லோரும் பிளஸ் டூ. பள்ளிகளுக்கு இடையிலான போட்டி அடுத்த வாரம். முதலில் ஓடுபவள் ஒரு மலையாளப் பெண். அடுத்து வடிவு. மூன்றாவது சுகந்தா. கடைசி கனகா.

“இந்தப் பனியில மிஸ்ஸுக்கு நம்மளத் தெரியவே தெரியாது,” என்றாள் வடிவு. “நான் பாதியில போய் ஒரு சமோசா சாப்பிட்டுட்டு வந்து சேந்துக்கலாம்.”

“நீ எண்டைக்கும் அப்பிடித்தானே ஓடுறாய்,” என்றாள் சுகந்தா.

சிரித்தார்கள். ஆனால் சுகந்தாவுக்கு இது விளையாட்டு இல்லை. ஏப்ரலில் அவளுடைய அப்பாவின் கான்ட்ராக்ட் முடிகிறது. அவளுடைய ஊரான யாழ்ப்பாணத்துக்குப் போரால் பாதை மூடிக் கிடந்தது. சென்னையில் ஒரு கல்லூரி, போட்டியில் வென்ற சான்றிதழ் இருந்தால் இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. வேறு எங்கும் அவளுக்கு இடம் இல்லை.

அவரவர் கோட்டுக்குப் போனார்கள். பனி ஒவ்வொருத்தியாக மூடியது.

ரிலேயில் பேட்டனை வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வேகம் போய்விடும். ஓடத் தொடங்கிக் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். பின்னால் வருகிறவள் ஒரு சொல்லைக் கூவுவாள். அந்தச் சொல்லுக்குக் கை திறக்கும். மற்றப் பள்ளிகள் ‘ஹேண்ட்’ என்று கூவின. இவர்களுடைய சொல் ‘யல்லா’, அரபியில் ‘வா, போகலாம்’. அது உம்மு சல்மா வைத்த சொல்.

போன ஆண்டு மூன்றாவதாக ஓடியவள் அவள். வளைவில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கொடுத்துவிட்டு, ஓட்டம் முடிந்ததும் தேடி வந்து கனகாவின் சடையை ஒரு இழு இழுப்பாள். காயல்பட்டினத்துப் பெண். முழங்காலில் எப்போதும் கோடாலித் தைலம் மணக்கும். ஜூலை விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டுச் செப்டம்பரில் திரும்பியபோது அவள் இல்லை.

“அவ வாப்பாவுக்கு வேலை கலாஸ் ஆயிருக்கும்,” என்றாள் வடிவு அப்போது.

யாரும் மேலே கேட்கவில்லை. வளைகுடாப் பள்ளிகளில் கேட்பதில்லை. வாரம் தொடங்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து இருக்கை காலியாக இருக்கும். விசா முடிந்தது என்பார்கள். அந்தப் பெயரை அதன் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். இருக்கையில் வேறு ஒருத்தி உட்கார்வாள்.

சுசீலா மிஸ் விசில் ஊதினார்.

கனகா முன்னால் பார்த்தபடி நின்றாள். முன்னாலும் வெள்ளை. காது மட்டும் வேலை செய்தது. தூரத்தில் மணல் அரைபடும் சத்தம். நின்றது. மறுபடி தொடங்கியது. இப்போது வளைவில். நெருங்கியது.

வழக்கத்தை விட வேகமாக.

அவள் ஓடத் தொடங்கினாள். கையை நீட்டினாள்.

“யல்லா!”

பேட்டன் உள்ளங்கையில் விழுந்தது. ஈரமாக இருந்தது. குளிர்ந்தது. அவள் ஓடி முடித்தாள்.

“அருமை மக்களே!” மிஸ் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். “இந்த வருசத்துல இதுதான் பெஸ்ட்.”

கனகா திரும்பினாள். கொடுத்தவள் பின்னாலேயே மூச்சு வாங்க வந்து நிற்க வேண்டும்.

யாரும் வரவில்லை.

கூப்பிட்டாள். பதில் இல்லை. சுண்ணாம்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வளைவில் நடந்தாள். எதிரிலிருந்து வடிவு வந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் சுகந்தாவைப் பார்த்தார்கள்.

அவள் மூன்றாம் கோட்டில் நின்றாள். உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. வலது கை பின்னால் நீண்டிருந்தது.

“ஏனடி, இன்னும் தொடங்கேல்லையோ?” என்றாள்.

“ஓடி முடிச்சாச்சு,” என்றாள் கனகா.

“விசர்க்கதை கதையாதை. எனக்குப் பேட்டன் வரவேயில்லை.”

“நான் குடுத்தேனே,” என்றாள் வடிவு. “கை நீட்டியிருந்துச்சு. யல்லான்னேன். வச்சேன்.” குரல் இறங்கியது. “கை இருந்துச்சுடி.”

கனகா தன் உள்ளங்கையை முகர்ந்தாள்.

கோடாலித் தைலம்.

மாலையில் பேருந்து காலியான பிறகு அவள் முன் இருக்கைக்கு வந்தாள். அவள் இறங்குவது கடைசி.

“பாய், சல்மா உங்க ஊர்தானே? இப்ப எங்க படிக்கிறா?”

மூசா பாய் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். சிக்னலில் பச்சை விழுந்தது. அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

“ஒங்களுக்குச் சொல்லலயாம்மா?”

“என்னது?”

“ஜூலையில நீங்கள்லாம் ஊருக்குப் போயிட்டீங்க. அவங்க போவல. புள்ள தனியா வந்து ஓடியிருக்கு, அந்த வெயில்ல. வளைவு தொடங்குற எடத்துல விழுந்து கெடந்துச்சு. மணலு அடுப்பு மாதிரி. வாட்ச்மேன் பாக்கும்போது எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

வண்டி நகர்ந்தது.

“இங்கதான் அடக்குனோம். நாலஞ்சு பேருதான். பெறகு உம்மாவும் வாப்பாவும் ஊருக்குப் போயிட்டாங்க. அவங்க என்ன செய்வாங்க?” அவர் கண்ணைத் துடைக்கவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டினார். “எல்லாரும் போயிட்டாங்க. புள்ள மட்டும் இங்க கெடக்குது.”

மறுநாள் கனகா சுசீலா மிஸ்ஸிடம் போனாள். மிஸ் பழைய பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“சல்மா விஷயம் உங்களுக்குத் தெரியுமா மிஸ்?”

பம்ப் நின்றது.

“பரீட்சை வருசம். பிள்ளைகள்ட்ட சொல்லாண்டாம்னு மேல சொன்னாங்க மக்களே.”

“சுகந்தாவை அந்த இடத்துல நிறுத்தாதீங்க. நான் வளைவுல ஓடறேன்.”

“வளைவுல உனக்கு வேகம் வராது. தோத்துப்போனா அந்தப் பிள்ளைக்குக் காலேஜ் சீட்டு நீ வாங்கிக் குடுப்பியா?”

கனகா வெளியே வந்தாள்.

சுகந்தாவிடமே சொன்னாள். தண்ணீர்க் குழாயருகே, எல்லாவற்றையும். சுகந்தா பாதியில் குறுக்கிடவில்லை. கடைசியில் சொன்னாள்:

“எனக்குத் தெரியும். ஆரெண்டு தெரியாது. ஆனா கோட்டில நான் தனிய நிக்கேல்லை. முதல் எனக்குப் பின்னால நிண்டவள். பிறகு பக்கத்தில. இப்ப என்ர கைக்கு மேல கை வச்சுக்கொண்டு நிக்கிறாள்.”

“அப்ப ஓடாத.”

“ஓடாமல்?” சுகந்தா அவளைப் பார்த்தாள். “எங்கையடி போறது?”

குழாய் சொட்டியது.

“செத்தவள் பாவம்,” என்றாள் சுகந்தா. “அவளுக்கும் இஞ்ச இருந்து போகவேணும் போல.”

ஒன்று மட்டும் செய்தார்கள். சொல்லை மாற்றினார்கள். இனி சுகந்தா கொடுக்கும்போது ‘இந்தா’ என்று கூவுவாள். அந்தச் சொல்லைக் கேட்டால்தான் கனகா வாங்க வேண்டும். யல்லா என்ற குரல் கேட்டால் கையை மூடிக்கொள்ள வேண்டும்.

கை பழகவில்லை. சுகந்தா “இந்தா” என்று கூவினாள். கனகாவின் விரல்கள் திறக்கவில்லை. பேட்டன் மணலில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. மிஸ் கத்தினார். வடிவு யாரையும் கேலி செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் கொடுப்பதற்கு முன் நீட்டிய கையின் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருக்கிறதா என்று.

போட்டி நடந்த நாளில் பனி இல்லை. வெயில் தெளிவாக இருந்தது. வேறொரு பள்ளியின் மைதானம். ஒலிபெருக்கி, கொடிகள், ஆரஞ்சு ஜூஸ் பெட்டிகள். கனகாவுக்கு மூச்சு இலகுவாக வந்தது. அது அந்த மைதானத்தோடு நின்றுவிட்டது என்று நினைத்தாள்.

“பக்கத்துல நிக்கிறாளா?” என்று சுகந்தாவிடம் கேட்டாள்.

சுகந்தா சுற்றிலும் பார்த்தாள். “இல்லை.”

“நல்லது.”

“கனகா.” அவளுடைய உதடு வெளுத்திருந்தது. “எனக்கு உள்ளுக்குக் குளிருது.”

பெயர்களைக் கூப்பிட்டார்கள். அவரவர் கோட்டுக்குப் போனார்கள்.

துப்பாக்கி வெடித்தது.

இம்முறை எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது. வடிவு வந்தாள். சுகந்தாவின் கை நீண்டது. பேட்டன் கை மாறியது. சுகந்தா வளைவில் இறங்கினாள். அவளுடைய நிழல் அவளுக்குப் பின்னால் இல்லை. முன்னால் ஓடியது. மற்ற எல்லோருடைய நிழலும் பின்னால் விழுந்திருந்தது.

கனகா முன்னால் திரும்பினாள். திரும்பித்தான் ஆக வேண்டும்.

காலடி வந்தது. இரண்டு பேருடையது.

நெருங்கியது.

ஒருவருடையது ஆனது.

“யல்லா!”

மூடு என்று நினைத்தாள். மூடத்தான் நினைத்தாள். ஆனால் அந்தச் சொல்லுக்குத் திறக்க அந்தக் கையை இரண்டு ஆண்டுகள் பழக்கியிருந்தார்கள்.

கை திறந்தது.

அவர்கள் வென்றார்கள்.

வடிவு கத்தினாள். மிஸ் அழுதார். யாரோ கனகாவைத் தூக்கினார்கள். இறக்கியபோது அவளுடைய சடையை ஒரு கை பின்னாலிருந்து ஒரு இழு இழுத்தது.

சுகந்தா அவள் சடையை ஒரு நாளும் தொட்டதில்லை.

“என்னா புள்ளே,” என்றாள் சுகந்தா, மூச்சு வாங்க. “பயந்துட்டியா?”

ஒலிபெருக்கியில் சுகந்தா மார்க்கண்டு என்று கூப்பிட்டார்கள். அவள் நகரவில்லை. வடிவு முதுகில் தள்ளிய பிறகுதான் மேடைக்குப் போனாள்.

அவளுடைய அப்பா மார்க்கண்டு டியூட்டி உடுப்போடு வந்திருந்தார். சான்றிதழை வாங்கி அதன் மேல் கை படாமல் ஓரங்களில் பிடித்துப் படித்தார்.

“கெட்டிக்காரி,” என்றார். “களைச்சுப் போனியோ பிள்ளை?”

அவள் அவரைப் பார்த்தாள். யாரோ ஒரு தோழியின் அப்பாவைப் பார்ப்பதுபோல, மரியாதையாக. பிறகு சிரித்தாள். அவர் அவளுடைய நெற்றியைத் துடைத்துவிட்டார். அவர் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததைக் கனகா பார்த்ததில்லை. என்ன சொல்வது? யாரிடம்?

கல்லூரியிலிருந்து இடம் உறுதி என்று செய்தி வந்தது. வடிவு கேக் வாங்கி வந்தாள். சுகந்தா மிக நன்றாகத் தமிழ்நாட்டுத் தமிழ் பேசுகிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். சென்னைக்குப் போகிறாள் அல்லவா, இப்போதே பழகுகிறாள் என்றார்கள். மார்க்கண்டும் அப்படித்தான் நினைத்தார்.

அதன் பிறகும் ஒரு பனிக் காலை வந்தது.

பேருந்து வாசலில் நின்றது. மூசா பாய் விளக்குகளை அணைக்கவில்லை. பயிற்சி இனி இல்லை. எல்லோரும் வகுப்புக்குத்தான் வந்தார்கள். வடிவு முன்னால் போய்ப் பனியில் மறைந்தாள். கனகா இறங்கினாள். பின்னால் அவள் இறங்கினாள். பக்கத்தில் வந்து நடந்தாள். தைல வாசனை.

மைதானத்தின் ஓரத்தில் போகும்போது கேட்டது.

மணல் அரைபடும் சத்தம். வளைவில். ஒருத்தி ஓடி வருகிறாள். வருகிறாள். எல்லைக்கு வந்தவள் போல நிற்கிறாள்.

“இந்தா.”

கனகா நின்றாள்.

“இந்தா. இந்தாடி. பிடியன்.”

பக்கத்தில் நடந்தவளும் நின்றாள். கனகாவின் முழங்கையைப் பிடித்தாள். கை இதமான சூட்டில் இருந்தது.

“திரும்பிப் பாக்காத புள்ளே,” என்றாள் மெதுவாக. “வேகம் போயிரும்.”

கனகா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. வலது கை தானாகப் பின்னால் நீண்டது. இப்போதுதான் அந்தச் சொல்லுக்கு விரல்கள் திறந்தன.

உள்ளங்கையில் பனி மட்டும் இறங்கியது.

பின்னால் காலடி மறுபடி மூன்றாம் கோட்டுக்குத் திரும்பிப் போனது. சற்று நேரம் அமைதி. பிறகு மறுபடியும் மணல் அரைபடத் தொடங்கியது.