புடலம்பந்தலில் ஒரு கல்

காற்று இல்லை. ஆனாலும் பந்தலில் ஒரே ஒரு புடலங்காய் மட்டும் ஆடியது.

அன்ரோனெற் வாளியைக் கீழே வைத்தாள். பிஞ்சு சுருளாமல் நேராக நீளவேண்டுமென்று ஒவ்வொரு காயின் நுனியிலும் நூல் கட்டிச் சிறுகல் தொங்கவிட்டிருந்தாள். வெயில் தாழ்ந்து, கடற்பக்கமிருந்து அழுகிய சிப்பியின் நாற்றம் வந்து, கத்தரிப் பாத்திகளில் ஊற்றிய தண்ணீரை மணல் உறிஞ்சும் சத்தம் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், நடுக்காயின் கல் மட்டும் வெடுக்கென்று கீழே இழுபட்டது. கீழிருந்து யாரோ சுண்டியதுபோல.

முள்ளிக்குளத்துக் கரையில் நல்லதண்ணீர்க் கிணறுள்ள தோட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இது அவள் கணவர் யாகப்பருடையது. பங்குனியில் வெள்ளைக்காரன் நடத்திய முத்துக்குளிப்புக்குப் போனவர் கடலடியிலேயே தங்கிவிட்டார். பிரேதம்கூடக் கிடைக்கவில்லை.

முத்துக்குளிப்பவனின் கயிற்றைத் தோணியில் பிடித்திருப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்கவேண்டும் என்பது இந்தக் கரையின் வழமை. தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்? மூச்சு முட்டினால் கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டுவான். மேலே இருப்பவன் தூக்குவான். யாகப்பரின் கயிற்றைப் பிடித்தவன் அவளுடைய அண்ணன் கொன்ஸ்ரன்ரைன். "மச்சான் ஒருக்காக்கூடச் சுண்டேல்லை, தங்கச்சி" என்று கோயில் வாசலில் நெஞ்சிலடித்து அழுதான். அவள் நம்பினாள். அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே இரத்தம் அவன். நாளைக்கு மன்னாருக்குப் போய் இந்தத் தோட்டத்தை அவன் பெயருக்கே எழுதிக் கொடுக்கப்போகிறாள்.

மறுபடியும். வெடுக்.

"அண்ணை, இஞ்சை ஒருக்கா வாங்கோ."

கொன்ஸ்ரன்ரைன் வேலிப் படலையடியில் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு நின்றான். "என்ன பிள்ளை?"

"காத்தே இல்லை. ரெண்டுதரம் கல்லு இழுபட்டுது."

"அணில் ஓடியிருக்கும்" என்று சிரித்துக்கொண்டே வந்தான்.

மூன்று. நான்கு. அவன் சிரிப்பு நின்றது. நல்லதண்ணீர் ஊற்றிய மணலிலிருந்து உப்பு வாடை எழுந்தது. ஐந்து. அவள் ஓரடி பின்வாங்கினாள். ஆறு.

"பயப்பிடாதை" என்றான், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒண்டுதான். ஏழோடை நிண்டுபோம்."

ஏழு. கல் அசையாமல் நின்றது.

முதலில் அவளுக்கு ஆறுதல்தான் வந்தது. அதன் பிறகுதான் அவன் சொன்னது உறைத்தது.

"ஏழெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் படலையைத் திரும்பிப் பார்த்தான்.

"அவர் ஏழுதரம் சுண்டினவர். நீங்கள் எண்ணிக்கொண்டு இருந்தனீங்கள். இந்தக் கிணத்துக்காகவோ, அண்ணை?"

கூடப்பிறந்தவன். இன்று மத்தியானம்கூட அவனுக்குப் புடலங்காய் வறை வைத்துச் சோறு போட்டிருந்தாள்.

அப்போது பந்தலுக்குக் கீழே மணல் நெகிழ்ந்தது. மெல்ல ஒரு மேடு எழும்பியது. குமிழி உடையும் சத்தம்.

கொன்ஸ்ரன்ரைன் அவளைப் பிடித்தான். இழுத்துக்கொண்டு ஓடப்போகிறான் என்றே நினைத்தாள். இரண்டு கையாலும் அவளைப் பந்தல் பக்கம் தள்ளிவிட்டு ஓடினான். அவள் எழும்பி வருவதற்குள் படலையைச் சாத்தி, வெளியே நின்று, கம்புகளின் இடுக்கில் கைவிட்டு இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணை! திறவுங்கோ!"

"உன்ரை புருசன்தானே. உன்னை ஒண்டும் செய்யான்."

பின்னால் ஒரு ஈரக்கால். பிறகு மற்றது. நீர் சொட்டியது. சிப்பி நாற்றம். அவளால் திரும்ப முடியவில்லை.

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. ஊறி வெளிறிய கை. அவளைத் தொடவில்லை. படலை இடுக்கில் துழாவி அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தது. சுண்டியது.

அவன் கை தோள்மட்டும் உள்ளே வந்தது. கம்புகளில் முகம் நசுங்கியது.

"தங்கச்சி! பிடியடி! என்னைப் பிடி!"

அன்ரோனெற் விலகி நின்று வழிவிட்டாள். வெளிறிய விரல்கள் மறுபடி இறுகின.