மேனுவலில் இல்லாத ஐந்தாவது ஆப்ஷன்

முத்தையாபுரம் தாண்டி இருந்த அந்தக் கண்டெய்னர் யார்டுக்குப் பேச்சிச்செல்வி பத்து மணிக்கே வந்துவிட்டாள். பழைய யூனிக்ஸ் சர்வரைப் பன்னிரண்டு மணிக்கு நிறுத்தப்போகிறார்கள். அதற்குள் கேட் புரோகிராமைப் புதிய மெஷினுக்கு மாற்ற வேண்டும். அதை எழுதியவன் அவள் புருஷன் ஜெயகணேஷ். அவன் செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

சர்வர் அறையில் ஏசிக் குளிரும் கருகிய தூசி வாடையும் அடைந்து கிடந்தன. அவன் எழுதிவைத்த மேனுவலில் நான்கு ஆப்ஷன்தான். புரோகிராம் வரிகளைத் துழாவியபோது ஐந்தாவதாக ஒன்று அகப்பட்டது. மனுஷன் உயிரோடு இருந்தபோதும் எதையும் முழுசாகச் சொன்னதில்லை. அடித்துப் பார்த்தாள்.

'உள்ளே வந்து, இன்னும் வெளியே போகாதவர்கள்.'

ஒரே ஒரு பெயர்.

ஜெயகணேஷ்.

வாஸ்தவம்தான். வெளியே போகிறவர் கேட்டில் கார்டைத் தேய்த்தால்தான் கணக்கு முடியும். அன்றைக்கு ஆம்புலன்ஸ் ஓடிய அவசரத்தில் அவன் கார்டை யார் தேய்த்தார்கள்?

ஆனால் அடுத்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள். கடைசியாக இருந்த இடம், சர்வர் அறை. நேரம், பத்து நாற்பத்திரண்டு.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பத்து நாற்பத்திரண்டு.

காத்திருப்பது, பேச்சிச்செல்விக்காக.

பாவி மனுஷன்! தினமும் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் வருவார்கள், போவார்கள். அவன் கனத்த உடம்புக்குக் கேட் வேகத்தடையில் ஸ்டாண்ட் தரையில் உரசும். அவன் செத்த அன்று காலை அவளுக்கு எரிச்சல். "சாயங்காலம் நீங்க நடந்தே வாங்க" என்று சொன்னாள். சொன்னபடியே விட்டுவிட்டும் போனாள். கண்டெய்னர்களுக்கு நடுவே அவளைத் தேடி நடந்தவன் மேல் சரக்கு தூக்கும் வண்டி ஏறிவிட்டது.

அவன் பெயரைப் போட்டு, 'வெளியே' என்று அடித்தாள்.

'துணை வரவில்லை' என்றது திரை.

புரோகிராமைப் புதிய மெஷினுக்கு மாற்றி முடிக்கப் பன்னிரண்டு ஆகிவிட்டது. மெயின் சுவிட்சை அணைக்க வந்த ஃபைசல் கதவருகே நின்று கிசுகிசுத்தான். "அக்கா, நேரமாச்சி. கரண்ட எடுக்கட்டுமா?"

"இரு தம்பி. எங்க வீட்டுக்காரவ உள்ள இருக்காவ."

அவன் ஒரு அடி பின்வாங்கினான்.

அவன் பெயரையும் தன் பெயரையும் சேர்த்துப் போட்டு, 'வெளியே' என்று அடித்தாள். பட்டியல் காலியானது. கண் நிறைய நீரோடு ஃபைசலுக்குத் தலையாட்டினாள். விசிறிகள் ஓய்ந்தன.

தனியாகத்தான் ஸ்கூட்டரை எடுத்தாள். கேட் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது.

ஸ்டாண்ட் தரையில் உரசியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சீட்டில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, இடம் விட்டு உட்கார்ந்தாள்.