செஜானஸை வீழ்த்திய கடிதம்

"என்னைக் கொல்லப் போறாங்கள், அக்கா," என்றார் இராசரத்தினம். பனி ஒட்டிய சப்பாத்தைக் கழற்றக்கூட மறந்து கம்பளத்தில் நின்றார்.

ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் பேர்ணடெற்றின் பத்தாம் மாடி வீட்டுக்கு இப்படி யாராவது வருவது வழக்கம்தான். இருபத்திரண்டு வருடம் நீதிமன்றங்களிலும் அகதி விசாரணைகளிலும் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர். பொய் கேட்டுக் கேட்டுக் காது பழுத்தவர். கூப்பிடாமலே அவருக்குத் துணையாக வந்து நிற்பவர் பாக்கியராசா. நகரப் பேருந்து ஓட்டுகிற மனிதர். மர்மம் என்றால் போதும், சாப்பாட்டை மறந்துவிடுவார்.

இராசரத்தினத்தின் மனைவி பாலேஸ்வரி குளிர்க்கோட்டோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊர்களில் கூத்தாடி வளர்ந்தவர்கள் ஸ்காபரோவில் ஒரு கூத்துக் குழு வைத்திருந்தார்கள். அதில் ஒரே சைவரான இராசரத்தினம் வந்த வேகத்தில் தலைவராகிப் பதினொரு வருடமாக நாற்காலியை விடவில்லை. இந்த வருடம் செஜானஸின் கதை. ரோமாபுரியில் காவற்படைத் தலைவனாக இருந்து, திபேரியு சீசரின் வலது கையாகி, பிடிக்காதவர்களையெல்லாம் துரோகி என்று குற்றஞ்சாட்டித் தீர்த்துக் கட்டியவன் செஜானஸ். ஒருநாள் மன்றத்தில் சீசரின் கடிதம் வாசிக்கப்பட்டது. பதவி உயர்வு என்று காத்திருந்தவனை அன்றைக்கே கொன்றார்கள்.

செஜானஸ் வேடம் இராசரத்தினத்துக்கு. கடிதத்தை வாசிப்பவன் நீக்கிலாஸ்.

"போன சனிக்கிழமை ஒத்திகையில சுருளை விரிச்சு வாசிச்சான், அக்கா. முதல் ரெண்டு வரியும் நாடகத்தில உள்ளதுதான். மூண்டாவது வரியில நிண்டிட்டான். வாங்கிப் பாத்தால் உது."

பேர்ணடெற் வாங்கிப் படித்தார். 'இராசரத்தினம், அரங்கேற்றத்தன்று நீ மேடையை விட்டு உயிரோடு இறங்கமாட்டாய்.'

பாக்கியராசா அவர் தோளுக்கு மேலால் எட்டிப் படித்தார்.

"எழுத்து அவன்ரதான்," என்று இராசரத்தினம் இன்னொரு சுருளையும் நீட்டினார். "நாடகக் கடிதத்தையும் அவன்தான் எழுதினவன். ஒப்பிட்டுப் பாருங்கோ. வியாழக்கிழமை அவன்ர அகதி விசாரணை. அதுக்கு முதல் பொலிசுக்குப் போகவேணும். இது அவன்ர எழுத்துத்தான் எண்டு நீங்கள் ஒரு வரி எழுதித் தந்தால் போதும்."

கொலை மிரட்டல் வழக்கோடு விசாரணைக்குப் போனால் நீக்கிலாஸை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவன் எந்தச் சிறையிலிருந்து தப்பி வந்தான் என்பதும் தெரியும்.

"சுருளை வைச்சுப் பூட்டுற பெட்டியின்ர திறப்பு ஆரிட்டை இருக்குது?" என்று கேட்டார் பேர்ணடெற். "பேரை எழுதித் தாங்கோ."

இராசரத்தினம் தாளை இழுத்து, மேலே சுழி போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்து, மூன்று பெயர்களை எழுதினார். அவர், நீக்கிலாஸ், உடுப்புக்குப் பொறுப்பான ஸ்டெபனி.

அவர்கள் போனதும் பேர்ணடெற் ஸ்டெபனிக்குத் தொலைபேசி எடுத்தார். பழைய ஓலை மாதிரித் தெரிவதற்காக இரண்டு தாள்களைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்ததாகவும், இரண்டும் ஒரே அளவு என்றும், ஒன்று மேலதிகம் என்றும் அவள் சொன்னாள். பேர்ணடெற் நாடகக் கடிதத்தின் மேல் மிரட்டல் கடிதத்தை வைத்தார். மிரட்டல் ஒரு அங்குலம் குட்டை. மூன்று விளிம்புகளில் சாயம் கறுத்துத் தேங்கியிருந்தது. மேல் விளிம்பு மட்டும் வெளிறிக் கிடந்தது. அதன் நடுவில் கடுகளவு கறுப்பாக ஏதோ இருந்தது.

"சுருட்டேக்க நீட்டாய் இருந்திருக்கும், வெட்டியிருப்பான்," என்றார் பாக்கியராசா. "நீக்கிலாஸ்தான் அக்கா. எழுத்து அச்சொட்டாய் அவன்ர மாதிரியே இருக்குது."

"அச்சொட்டாய் இருக்கிறதுதான் எனக்குப் பயமாய் இருக்குது," என்றார் பேர்ணடெற்.

அடுத்த நாள் பின்னேரம் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் எல்லோரும் வட்டமாக இருந்தார்கள். நீக்கிலாஸ் தரையைப் பார்த்தபடி இருந்தான். அவனைப் பார்க்கப் பாக்கியராசாவுக்கே மனம் கேட்கவில்லை.

"பாக்கியராசா," என்றார் பேர்ணடெற். "பஸ்ஸில பிழை இருந்தால் றிப்போட் எழுதுவீரெல்லே? முதல்ல என்ன எழுதுவீர்?"

"பஸ் நம்பர்."

"அதுக்கு முதல்?"

பாக்கியராசா யோசித்தார். பிறகு முகம் மாறியது. "பிள்ளையார் சுழி," என்றார். "கை தானாய்ப் போடும் அக்கா."

"ஓம். கோர்ட்டில எத்தனை வாக்குமூலம் பாத்திருப்பன்! மேல இருக்கிற உந்த அடையாளம் என்ன எண்டு நீதவான்மார் என்னைக் கேக்காத வருசமில்லை. இதை எழுதின ஆள் நீக்கிலாஸின்ர எழுத்தை ஒவ்வொண்டாய்ப் பழகியிருக்கிறார். ஆனால் தாளைத் தொட்ட உடனை கை தன்ர வேலையைப் பாத்திட்டுது. கத்தோலிக்கப் பொடியன் சுழி போடமாட்டான். வேறை சாயத் தாளும் இல்லை. அதாலை மேல ஒரு அங்குலத்தை வெட்டினார்."

அவர் இரண்டு தாள்களையும் நடு மேசையில் வைத்தார்.

"ஆனால் கீழ்க்கோட்டின்ர ஒரு துண்டு விளிம்பில தப்பியிருக்குது. இது நேற்று இராசரத்தினம் எழுதித் தந்த பேர்ப் பட்டியல். சுழிக்குக் கீழை ரெண்டு கோடு. திறப்பு வைச்சிருக்கிற மூண்டு பேரில சுழி போடுற ஆள் ஒராள்தான். வாற மாதம் புதுத் தலைவர் தெரிவு. எல்லாருக்கும் நீக்கிலாஸைத்தான் விருப்பம் எண்டு ஸ்டெபனி சொன்னவள்."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பாக்கியராசா நினைத்தார். இராசரத்தினத்தின் வலப்பக்கத்தில் இருந்தவர் எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். அடுத்தவரும் போனார். ரோமாபுரி மன்றத்திலும் செஜானஸுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் இப்படித்தான் எழுந்து விலகினார்களாம். வேடம் போடாமலே அந்தக் காட்சி நடந்து முடிந்தது.

"பகிடிக்குச் செய்தது," என்றார் இராசரத்தினம். "விடுங்கோ. இதோட விடுங்கோ."

"பொலிசுக்குப் போகேல்லைத்தானே?" என்று கேட்டார் பேர்ணடெற்.

நீக்கிலாஸ் தலையை நிமிர்த்தினான்.

"இண்டைக்குக் காலமை முறைப்பாடு குடுத்திட்டன்," என்றார் இராசரத்தினம். "இப்ப போய்ப் பொய் எண்டு சொன்னால் என்னைப் பிடிப்பாங்கள், அக்கா."

பேர்ணடெற்றின் முகத்தில் முதன்முறையாகப் பயம் தெரிந்தது. வியாழனுக்கு நான்கு நாள்.

இராசரத்தினத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி மட்டுமே மிஞ்சியிருந்தது. அதிலிருந்து பாலேஸ்வரி எழுந்தார். அவளும் போகிறாள் என்று நினைத்து இராசரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். பாலேஸ்வரி கதவடிக்குப் போய், கொழுவியிருந்த கணவரின் கோட்டை எடுத்து வந்து அவர் மடியில் போட்டார்.

"போடுங்கோ," என்றார். "பொலிசுக்கு நான் காரோட்டுறன்."